ஆப்பில் பச்சை, நேரில் இருட்டு: நெடும்பயணத்தில் கார் சார்ஜ் ஏறாவிட்டால்

தாம்பரத்திலிருந்து தென்காசிக்கு மின்சாரக் காரில் போய்வரத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. பொங்கல், கோயில் கொடை, கல்யாணம், துக்கம் என்று வருடத்துக்கு எட்டுப் பத்துத் தடவையாவது அந்தச் சாலையில் இருப்பேன். அதனால் சொந்தத்தில் யார் மின்சாரக் கார் வாங்கினாலும், நடுவழியில் மாட்டிக்கொண்டால் முதல் போன் எனக்குத்தான். "மாமா, கன் மாட்டிட்டேன், ஏறமாட்டேங்குது." கன் என்றால் சார்ஜர் கேபிளின் முனையில் இருக்கும், காரில் மாட்டும் பிடி. அதே கேள்வி, அதே பதில். சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்தது இது. என் வண்டியின் பேட்டரி 40 யூனிட். கீழே வரும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

சென்னை–திருச்சி–மதுரை சாலையில் சார்ஜர்களுக்குப் பஞ்சமில்லை. நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம், நெடுந்தூர வண்டிகளுக்கு 100 கிலோமீட்டருக்கு ஒரு அதிவேக நிலையம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. வரைபடத்தில் புள்ளிகளை எண்ணினால் குறை தெரியாது. பஞ்சமெல்லாம் ஓடுகிற சார்ஜருக்குத்தான். ஆகவே எந்த அறிகுறிக்கும் முன்னால் ஒரு விதி: ஒரு சார்ஜருக்குப் போய்ச் சேரும்போது, அது செத்துக் கிடந்தாலும் அடுத்ததற்குப் போகும் அளவு சார்ஜ் மிச்சம் இருக்க வேண்டும். எனக்கு அது 20 சதவீதம், அதாவது 8 யூனிட், சுமார் 45 கிலோமீட்டர். நான்குவழிச் சாலையை விட்டுக் கிளைச் சாலையில் இறங்கினால் 35 சதவீதம்.

## அறிகுறி 1: ஆப்பில் பச்சை காட்டுகிறது, நேரில் ஸ்கிரீன் இருட்டாக இருக்கிறது

முதலில் சிவப்புப் பொத்தான். சார்ஜரின் முகப்பிலோ பக்கவாட்டிலோ காளான் மாதிரி ஒரு அவசரப் பொத்தான் இருக்கும். போகிற வருகிற பிள்ளைகள் அழுத்திவிட்டுப் போய்விடும். உள்ளே அமுங்கியிருந்தால் அதன்மேல் உள்ள அம்புக்குறிப் பக்கம் திருப்புங்கள், டக்கென்று வெளியே வரும். பிறகு மூன்று நிமிடம் காத்திருங்கள், சார்ஜர் விழித்தெழ நேரமாகும். எனக்கு வந்த "செத்துப்போச்சு" போன்களில் நாலைந்து இந்தப் பொத்தானோடு முடிந்திருக்கின்றன.

அடுத்தது மின்தடை. பெட்ரோல் பங்கில் விளக்கு எரிகிறதே என்று ஏமாற வேண்டாம். அது ஜெனரேட்டரில் எரியும், சார்ஜரை ஜெனரேட்டரில் பெரும்பாலும் கோர்த்திருக்க மாட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை ஒன்பதுக்குப் போன மின்சாரம் பிற்பகல்தான் வரும். இதற்கு நான் கண்ட மருந்து, கிளம்புவதற்கு முந்தின நாள் பேப்பரில் "நாளைய மின்தடை" பகுதியைப் பார்ப்பது. பகலில் சார்ஜ் போட நினைத்திருக்கும் ஊரின் பெயர் அதில் இருந்தால் அதற்கு முந்தின ஊரிலேயே போட்டுக்கொள்வேன். பெரம்பலூரிலும் உளுந்தூர்பேட்டையிலும் நாளைக்குக் கரண்ட் இருக்குமா என்று தாம்பரத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மூன்றாவது, உள்ளே பிரேக்கர் விழுந்திருக்கலாம். பங்க் மேனேஜரையோ ஓட்டல் எலக்ட்ரீஷியனையோ கேட்டு ஒரே ஒரு தடவை தூக்கிவிடச் சொல்லுங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். நீங்களாக எந்தப் பெட்டியையும் திறக்க வேண்டாம்.

இது எதுவும் இல்லையென்றால் சார்ஜரே பழுது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்காதீர்கள். மீதியுள்ள சார்ஜ் அடுத்த இடத்துக்குப் போகத்தான், இங்கே ஏசி போட்டுக்கொண்டு காத்திருக்க அல்ல.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சார்ஜர் கம்பெனிக்குப் போன் பண்ணாதீர்கள், அவர்கள் பார்ப்பதும் நீங்கள் பார்க்கிற அதே பச்சைப் புள்ளியைத்தான். சார்ஜர் நிற்கிற ஓட்டலுக்குப் போன் பண்ணுங்கள். எண் வரைபடத்திலேயே இருக்கும். "அண்ணே, வாசல்ல இருக்கற கார் சார்ஜர் ஓடுதா?" என்றால், "அது ரெண்டு நாளா ஓடல சார்" என்று ஒரே வார்த்தையில் உண்மை வந்துவிடும். யாரும் எடுக்கவில்லை என்றால், பிளக்ஷேர் மாதிரி ஆப்பில் கடைசியாக ஒருவர் வெற்றிகரமாகச் சார்ஜ் போட்ட தேதியைப் பாருங்கள். நேற்று என்றால் நம்பலாம். மூன்று மாதத்துக்கு முன் என்றால் அந்தப் புள்ளியை இல்லாததாக வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 2: சார்ஜர் உயிரோடு இருக்கிறது, ஆனால் உங்கள் வண்டிக்கான கன் இல்லை

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது சிசிஎஸ்-2 என்ற வகைக் கன். சில பழைய நிலையங்களில் பாரத் டிசி-001 என்ற 15 கிலோவாட் வகை நிற்கும், அதன் முனையே வேறு. வரைபடத்தில் "டிசி" என்று மட்டும் போட்டிருந்தால் படத்தைத் திறந்து கன்னைப் பார்த்துவிடுங்கள். ஸ்கூட்டருக்கான ஃபாஸ்ட் சார்ஜர்களும் அதே வரைபடத்தில் அதே நிறத்தில் வரும். அடாப்டர் தேடாதீர்கள். ஆப்பின் ஃபில்டரில் சிசிஎஸ்-2, 25 கிலோவாட்டுக்கு மேல் என்று வைத்துவிட்டால் இந்த அறிகுறியே வராது.

## அறிகுறி 3: கன் மாட்டியாயிற்று, தொடங்க மறுக்கிறது

அதிகம் வருவது இதுதான். பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்ப்பவர்களுக்கு இன்னும் தாமதமாகும். இந்த வரிசையில் போங்கள்.

### ஆப் பக்கம் நிற்கிறதா?

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒரு வாலெட். ஓடிபி வரவில்லை, யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் அது சார்ஜரின் பிழை அல்ல, சிக்னல் இல்லாத குறை. பத்தடி தள்ளி சாலையோரம் போய் நின்று முயற்சி செய்யுங்கள், அல்லது வேறு நெட்வொர்க் போன் வைத்திருப்பவரிடம் ஹாட்ஸ்பாட் கேளுங்கள். உங்கள் பாதையில் வரும் கம்பெனிகளின் ஆப்களை வீட்டிலேயே ஏற்றி, பதிவுசெய்து, ஒவ்வொன்றிலும் ஐந்நூறு ரூபாய் போட்டுவிட்டுக் கிளம்பினால் இந்தத் தலைவலி பாதியாகும். கட்டணத்துக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, எனவே ஸ்கிரீனில் தெரியும் யூனிட் விலைக்குச் சரியாகப் போட்டால் பற்றாது. கார்டு கொடுக்கிற கம்பெனி என்றால் கார்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

### ஆப் ஒத்துக்கொண்டது, "வாகனத்துக்காகக் காத்திருக்கிறது" என்று நிற்கிறதா?

துவரங்குறிச்சி தாண்டி ஒரு ஓட்டல் வாசல், இரவு பதினொன்றரை. நான்கு முறை மாட்டினேன், நான்கு முறையும் அரை நிமிடத்தில் பிழை. கேபிள் மலைப்பாம்பு கனம், கன்னைக் கீழ்ப் பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது முறை கன்னின் அடிப்பக்கத்தை உள்ளங்கையில் தாங்கி, கொஞ்சம் மேல்நோக்கி அழுத்திப் பிடித்தேன். கிளிக் என்று பூட்டு விழுந்த சத்தம் கேட்டது, சார்ஜ் ஓடத் தொடங்கியது. பூட்டு விழுந்தபின் கையை எடுக்கலாம். அன்று முதல் டிக்கியில் ஒரு பழைய துண்டு கிடக்கிறது, சுருட்டிக் கேபிளுக்கு முட்டுக் கொடுக்க.

அதிலும் வரவில்லையா? வண்டியை முழுவதும் அணையுங்கள். கன்னைக் கழற்றுங்கள். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியோடு தள்ளிப் போய் ஒரு டீ குடியுங்கள். பத்து நிமிடம் கழித்து வந்து புதிதாகத் தொடங்குங்கள். வண்டியின் கணினி தூங்கி எழ வேண்டும், பக்கத்திலேயே சாவியோடு நின்றால் தூங்காது. "இந்த நேரத்துக்குப் பின் சார்ஜ்" என்று வீட்டுக்காக நேரம் குறித்து வைத்திருந்தால் அதையும் நீக்குங்கள், சில வண்டிகள் வெளியிலும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

### வேறு கன் இருக்கிறதா?

இரண்டாவது கன்னில் போட்டுப் பாருங்கள். அதில் ஏறினால் பழுது முதல் கன்னில், வண்டியில் இல்லை. இரண்டிலும் ஏறவில்லை என்றால் சார்ஜரில் ஒட்டியிருக்கும் எண்ணை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள். "ரிமோட் ரீசெட் பண்ணுங்க" என்று அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொல்வதிலேயே கால் மணி நேரம் போகும். ரீசெட் ஆக ஐந்து நிமிடம். வாலெட்டில் பணம் பிடித்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு நகருங்கள், பணம் பிறகு வரும்.

### எர்த், இன்சுலேஷன் என்று பிழை காட்டுகிறதா?

மழை நேரம் என்றால் கன் முனையில் தண்ணீர் கோர்த்திருக்கலாம். கவிழ்த்துத் தட்டி வடியவிட்டு, காய்ந்த பின் ஒருமுறை முயற்சி செய்யலாம். உள்ளே துணி, குச்சி எதையும் விட வேண்டாம். இரண்டாவது முறையும் அதே பிழை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வேறு கம்பெனியின் சார்ஜரிலும் அதே பிழை வந்தால் கோளாறு உங்கள் வண்டியில். சர்வீஸ் சென்டர்தான் வழி, அதில் கைவைத்தியம் கிடையாது.

### எந்தச் சார்ஜரிலும் தொடங்கவில்லையா?

பெரிய பேட்டரியில் 40 சதவீதம் இருக்கும், ஆனாலும் எங்கேயும் ஏறாது. கதவுப் பூட்டு தயங்கும், டாஷ்போர்டு விளக்கு மின்னும். சந்தேகப்பட வேண்டியது 12 வோல்ட் பேட்டரியை. மின்சாரக் காருக்கும் அது உண்டு, சார்ஜரோடு பேசுவது அந்தக் கரண்டில்தான். ஊர் பேட்டரிக் கடைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். கார் கையேட்டில் சொன்னபடி வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்தால் அன்றைக்குப் பிழைக்கும். மாற்றினால் சில ஆயிரம் ரூபாய். மூன்று வருடம் ஆன பேட்டரி என்றால் பயணத்துக்கு முன்னாலேயே சோதித்துவிடுங்கள். என் மைத்துனர் மேலூரில் முக்கால் நாள் உட்கார்ந்திருந்தது இதனால்தான். அவர் இன்றுவரை சார்ஜரைத்தான் திட்டுகிறார்.

## அறிகுறி 4: ஏறுகிறது, ஆனால் ஆமை வேகத்தில்

ஸ்கிரீனில் ஓடும் கிலோவாட் எண்ணைப் பாருங்கள், நிமிடக் கணக்கைப் பார்க்காதீர்கள்.

பக்கத்துக் கன்னில் வண்டி நிற்கிறதா? 60 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் இரண்டு வண்டி நின்றால் பல சார்ஜர்களில் ஆளுக்கு 30தான். அவர் எத்தனை சதவீதத்தில் இருக்கிறார் என்று கேளுங்கள். 75 என்றால் காத்திருக்கலாம். 20 என்றால் நீங்கள் தேவையானதை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்புவது மேல்.

உங்கள் வண்டி 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டதா? அதற்கு மேல் வண்டியே வேகத்தைக் குறைத்துவிடும். அடுத்த சார்ஜர் எட்டும் என்றால் கழற்றிக்கொண்டு போங்கள். வரிசையில் நிற்கிறவரும் வாழ்த்துவார்.

சித்திரை, வைகாசி வெயிலா? அக்னி நட்சத்திரத்தில் மேற்குப் பார்த்து நிற்கிற சார்ஜர் பிற்பகல் மூன்று மணிக்குப் பாதி வேகம்கூடத் தராமல் போவதைப் பார்த்திருக்கிறேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிவந்து உடனே மாட்டினால் உங்கள் பேட்டரியும் சூட்டில் மெதுவாகத்தான் வாங்கும். முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு மாட்டுவது சரியா, மாட்டிவிட்டுச் சாப்பிடுவது சரியா என்று எங்கள் வீட்டில் வாதமே நடக்கும். காலியாக இருந்தால் மாட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். இடம் போனால் போனதுதான்.

ஒரே சார்ஜரில் மெதுவாக ஏறினால் அது சார்ஜரின் குறை. மூன்று வேறு வேறு சார்ஜர்களில் காலை நேரத்திலும் மெதுவாக ஏறினால் சர்வீஸ் சென்டரில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 5: ஏறிக்கொண்டே இருந்து நடுவில் நின்றுவிடுகிறது

வாலெட் காலியா என்று பாருங்கள். இல்லையென்றால் லோ வோல்டேஜ். மாலை ஆறரையிலிருந்து ஊரே விளக்குப் போடும் நேரத்தில் அடிக்கடி நிகழும். மறுபடி தொடங்குங்கள், நின்ற இடத்திலிருந்து ஏறும். மூன்று தடவைக்கு மேல் நின்றால் அடுத்த இடத்துக்குப் போதுமான அளவு ஏறியதும் கிளம்பிவிடுங்கள். சாப்பிடப் போனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆப்பைப் பாருங்கள். மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து, இரண்டே யூனிட் ஏறியிருப்பதைப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு.

## அறிகுறி 6: கன் கழலவில்லை

இழுக்காதீர்கள். ஆப்பில் நிறுத்துங்கள், காரை ஒருமுறை பூட்டித் திறங்கள், கன்னை உள்ளே அழுத்திக்கொண்டே எடுங்கள். அப்படியும் வராவிட்டால் பல கார்களில் பூட்டை விடுவிக்கக் கையால் இழுக்கும் கயிறு ஒன்று இருக்கும், பானட்டுக்குள்ளோ டிக்கிக்குள்ளோ. எங்கே என்று இன்றைக்கே கையேட்டில் பார்த்துவிடுங்கள், இருட்டில் தேடுகிற பொருள் அல்ல அது.

## அறிகுறி 7: அடுத்த சார்ஜர் எட்டாது போலிருக்கிறது

செத்த சார்ஜரிலிருந்து கிளம்பியவர்களின் போன் இது. குரலிலேயே தெரியும்.

வேகத்தைக் குறையுங்கள். இதைவிட மலிவான மருந்து இல்லை. 100இல் போனால் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் தரும் என் வண்டி, 70–75இல் கிட்டத்தட்ட 8 தரும். 8 யூனிட் மிச்சம் என்றால் 16 கிலோமீட்டர் கூடுதல். பல நேரம் பிரச்சினை அதோடு தீர்ந்தது. ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்குவதில் அந்த அளவு லாபம் இல்லை. பின்னால் பிள்ளைகள் அழுதால் ஏசி ஓடட்டும், வேகம் குறையட்டும்.

காற்றைக் கணக்கில் எடுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற வண்டிக்கு நேர் முகத்தில் அடிக்கும். ஆலங்குளம் தாண்டி காற்றாலைகள் சுற்றுகிற சுற்றைப் பார்த்தாலே தெரியும். வெறும் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தானே என்று குறைந்த சார்ஜில் கிளம்பி 4 சதவீதத்தில் வீடு சேர்ந்தேன். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், எண் அழகாகத் தெரியும். அதை நம்பி அடுத்த தடவை போகாதீர்கள். ஆரல்வாய்மொழிப் பக்கமும் இதே கதைதான்.

மலை என்றால் வண்டி காட்டும் கிலோமீட்டரை நம்பவே வேண்டாம். ஆளும் சாமானுமாக 2 டன் எடையை வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குச் சுமார் 1,800 மீட்டர் உயரம் தூக்க, உயரத்துக்கு மட்டுமே கிட்டத்தட்ட 10 யூனிட் வேண்டும். தூரத்துக்கான செலவு அதற்கு மேல். என் வண்டியில் அது கால் பேட்டரி. அடிவாரத்திலேயே நிரப்புங்கள். இறங்கும்போது ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், ஆனால் மேலே விடுதியில் 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்கினால் அதை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது. முழுச் சுமையும் பிரேக்கில் விழும், சூடேறி நாற்றம் வரும். 80இல் நிறுத்துங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் எட்டாது என்றால், சார்ஜ் 10 சதவீதம் இருக்கும்போதே 15 ஆம்பியர் பிளக் தேடுங்கள். லாட்ஜ், கல்யாண மண்டபம், வெல்டிங் பட்டறை, ரைஸ் மில். 2 சதவீதத்தில் தேடினால் அந்த ஊர் வரைக்கும்கூடப் போக முடியாது. ஒரு மணி நேரத்துக்கு 15 முதல் 18 கிலோமீட்டர் ஏறும். "அண்ணாச்சி, ரெண்டு மணி நேரம் போட்டுக்கறேன், ஆறு யூனிட்தான் ஆகும், இருநூறு ரூபா வச்சுக்கோங்க" என்று யூனிட் கணக்கில் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. கணக்குச் சொல்லாமல் "கார் சார்ஜ் போடணும்" என்றால் கரண்ட் பில்லை நினைத்துப் பயப்படுவார்கள்.

## அறிகுறி 8: 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சார்ஜிங் கேபிளில் சிவப்பு விளக்கு எரிகிறது

அநேகமாக எர்த் இல்லை. வேறு பிளக், முடிந்தால் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ளதில் போட்டுப் பாருங்கள். மோட்டார் ஓடுகிற பட்டறைகளில் எர்த் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். நியூட்ரலையும் எர்த்தையும் முடிச்சுப் போட்டுச் சரிக்கட்டித் தருகிறேன் என்று யாராவது முன்வந்தால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்த முடிச்சால் கார் பாடியிலேயே கரண்ட் வரலாம். நீளமான எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வேண்டாம். பத்து நிமிடம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள்.

## வண்டியே நின்றுவிட்டது

இடது ஓரம் ஒதுக்கி நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண்ணை அழையுங்கள். காப்பீட்டில் சாலையோர உதவி இருந்தால் அந்த எண்ணுக்கும் அழைத்து, முதல் வார்த்தையாக "எலக்ட்ரிக் கார், பிளாட்பெட் வேணும்" என்று சொல்லுங்கள். பிளாட்பெட் என்றால் காரை அப்படியே மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரி. சொல்லாவிட்டால் கொக்கி வண்டி வந்து நிற்கும். சக்கரம் தரையில் உருளும்படி இழுத்தால் மோட்டாரும் சேர்ந்து சுற்றும், அதில் வரும் செலவுக்கு முன்னால் இழுவைக் கூலி ஒன்றுமே இல்லை. உதவ வருகிற டிராக்டர்காரர் கயிற்றை எடுப்பார், நல்ல மனதோடுதான் எடுப்பார். "இது உருளக் கூடாது அண்ணே, தூக்கித்தான் வைக்கணும்" என்று சொல்லி, ஓரமாகத் தள்ளிவிட மட்டும் நியூட்ரலில் போட்டு ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கள். பிளாட்பெட் டிரைவரிடம், எந்தச் சார்ஜரில் இறக்க வேண்டும் என்பதை, அங்கே போன் பண்ணி ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.